சாந்தகுணம்னா கோபமே வரக்கூடாதா?

சபையில் யாராவது ஒரு அநியாயத்தைத் தட்டிக் கேட்டா, "கொஞ்சம் சாந்தமா இருங்க"ன்னு உடனே அறிவுரை வரும். வேதாகமத்தில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருதுன்னு தேடிப் பார்த்தேன்.

மத்தேயு 5:5-இல் வரும் 'சாந்தகுணம்' கிரேக்கத்தில் 'பிராயுஸ்'. இந்தக் குணத்தைப் பற்றி அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். எடுத்ததற்கெல்லாம் கோபப்படுவது ஒரு கோடி. கோபப்பட வேண்டிய இடத்திலும் கோபமே வராதது மறுகோடி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இது. அதாவது, சொரணை இல்லாம இருப்பது சாந்தம் இல்லை.

எண்ணாகமம் 12:3 மோசேயைப் பூமியிலேயே மிகவும் சாந்தமானவர் என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கேயும் இதே சொல்தான். ஆனா பொன் கன்றுக்குட்டியைப் பார்த்துக் கற்பலகைகளை உடைத்தவரும் அவர்தான். மிரியாமும் ஆரோனும் தன்னைப் பழித்தபோது அவர் பதில் பேசியதாக இல்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததும் அவளுக்காகக் கெஞ்சினார்.

மத்தேயு 21-ஐயும் பாருங்க. 5-ஆம் வசனத்தில், கழுதைமேல் வரும் இயேசுவுக்கு இதே சொல். 12-ஆம் வசனத்தில், தேவாலயத்தில் பணம் மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்க்கிறார்.

எனக்குப் புரிந்தது இதுதான்: தனக்காகப் பழிவாங்காமல் இருப்பது சாந்தகுணம், அநியாயத்தைக் கண்டும் காணாம இருப்பது அல்ல. தன்னை அறைந்த சேவகனை இயேசு திருப்பி அடிக்கலை. ஆனா, அடித்ததற்குக் காரணம் கேட்டார் (யோவான் 18:23). அதனால, அடிபடுகிறவர் வாயை அடைக்க இந்த வசனத்தை எடுக்காதீங்க.