பெரிய கோயிலில் அறுந்த கயிறு

தஞ்சைச் சீமையில் நிலத்தை அளக்க வருபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏறிப் பார்க்க ஒரு குன்று கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை வயல். அதையும் தென்னந்தோப்பும் மூங்கில் கொல்லையும் மறைக்கும்.

1808-இல் அந்தச் சங்கடம் வில்லியம் லாம்டனுக்கு வந்தது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளந்துகொண்டு வந்தவர் அவர். குன்று இல்லாவிட்டால் என்ன, கோயில் கோபுரங்கள் இருக்கின்றனவே!

தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அவருடைய தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கோணம் அளக்கும் கருவிதான். ஆனால் எடை ஏறத்தாழ அரை டன். லண்டனில் செய்து கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது. கடலில் தப்பியது கோயிலில் மாட்டிக்கொண்டது. பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. நுட்பமான அளவு வட்டம் நெளிந்துபோனது.

வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். துணைக்குச் சில தொழிலாளர்கள் மட்டும். ஆப்பு, திருகாணி, கப்பி இவற்றை வைத்து, நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நிமிர்த்தினார். பிடித்தது ஆறு வாரம்.

அதே கருவியோடு அளவை மறுபடி தொடர்ந்தது. 1823 ஜனவரியில், எழுபதை ஒட்டிய வயதில், நாக்பூருக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். அப்போதும் அவர் அளவைப் பணியில்தான் இருந்தார்.