உப்புக் காற்றில் ஒரு கேமிங் லெப்டொப்

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கேமிங் லெப்டொப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேம் விளையாடுபவர்கள் அல்லர். திருமண வீடியோ தொகுப்பவர், வீட்டு வரைபடம் கீறுபவர், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். நானும் காணொளி தொகுக்கத்தான் வாங்கினேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இவற்றின் விலை எங்கேயோ போய்விட்டது. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசிலோ, நகையை அடகு வைத்தோ வாங்கிய சாமான் அது. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் எல்லாவற்றையும் விட்டு ஓடிய வீடுகளில், பிள்ளையின் உழைப்புக்கு இருக்கும் ஒரே கருவி அதுவாக இருப்பதும் உண்டு.

அந்தக் கருவி ஏன் இப்படிக் கொதிக்கிறது? அதன் சார்ஜரின் முதுகைப் பாருங்கள். 180 அல்லது 230 வோட் என்று எழுதியிருக்கும். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். பழைய 100 வோட் குண்டு மின்குமிழ் இரண்டை ஒரு மெல்லிய பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். செயலியின் வெப்பம் 95, 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கேம் திடீரென்று தடுமாறுவதும், வீடியோ ஏற்றுமதி ஆமை வேகத்துக்கு வருவதும் பல நேரங்களில் இதனால்தான்.

லெப்டொப்பின் மின்விசிறி குளிர்காற்றை உண்டாக்குவதில்லை. அறையின் காற்றைத்தான் இழுத்துத் தள்ளுகிறது. அறை 10 பாகை சூடானால் உள்ளேயும் ஏறத்தாழ 10 பாகை ஏறும். பல நிறுவனங்கள் 35 பாகை வரைதான் பாவிக்கச் சொல்கின்றன. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நமது பகல் 33, 34 பாகைக்குச் சாதாரணமாக வரும். மதிலோடு மதிலாக ஒட்டிய வீடு, மேலே தகரம் அல்லது சீட் என்றால் அறை அதையும் தாண்டிவிடும். ஆகவே பாரமான வேலையை இஷாவுக்குப் பிறகோ, சுபஹையொட்டியோ வைத்துக்கொள்வது எந்தக் கூலிங் பேடையும்விட அதிகம் உதவும். கூலிங் பேட் வேண்டாம் என்றில்லை. அதன் விசிறி உங்கள் லெப்டொப்பின் அடித்துளைகளுக்கு நேரே இல்லாவிட்டால் காசுதான் வீண். பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடியால் உயர்த்தினாலே அடியில் காற்று போகும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டுவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போன்றது.

ஆனால் கடலிலிருந்து தூர இருப்பவருக்கு இல்லாத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு. திருத்துநர் ஒருவர் கழற்றிய பெட்டியைக் காட்டிச் சொன்னார்: “சூட்ட விட உப்புதான் இதக் கொல்லுது. உள்ளுக்கெல்லாம் உப்புதான் இரிக்கி.” காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். அதே உப்பு லெப்டொப்புக்குள் தூசியோடு சேர்ந்து பசைபோல் இறுகி, வெப்பம் வெளியேறும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. மின்தகட்டில் படிந்தால் துருவும் கசிவு மின்சாரமும் வரும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். காற்று நன்றாக வருகிறது என்று அங்கேதான் எல்லோரும் போடுகிறார்கள்.

நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தி, வயரைக் கழற்றி, அடித்தகட்டைத் திறந்ததும் முதலில் பற்றரியின் இணைப்பை எடுங்கள். மென்மையான தூரிகை போதும். காற்றடித்தால் விசிறியின் இதழைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்; கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் அச்சு கெடும். டயர் கடைக் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை இரண்டு மூன்று வருடத்தில் காயும். அதை மாற்றிப் பழக்கமில்லாதவர் தெரிந்த கடையில் கொடுப்பதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், திறப்பதற்கு முன் அதன் நிபந்தனையை வாசியுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. கேமின் பிரேம் அளவை 60இல் நிறுத்துங்கள். விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலானவற்றில் டர்போ வேகம் நிற்கும். வேகத்தில் கொஞ்சம் இழந்து, சூட்டில் நிறையக் குறையும். ஐஸ் பை, ஈரத்துணி வைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நம் காற்றில் குளிர்ந்த எதன்மேலும் நீர் துளிர்க்கும், அது உள்ளேயும் துளிர்க்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்தது. இப்போது அப்படியில்லை, ஆனாலும் மின்வெட்டு வரும்போது அறையின் விசிறி நிற்கும், லெப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது பாரமான வேலையை நிறுத்திவிடுங்கள். எந்நேரமும் வயரில் இருப்பதென்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போடுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லிதியம் பற்றரி விரைவில் முதுமையடையும். டச்பேட் மேலெழும்புவதும், மூடி சரியாகப் பொருந்தாததும் பற்றரி வீங்கியதன் அடையாளம். அந்த நிமிடமே நிறுத்தி வயரைக் கழற்றுங்கள். அமுக்கவோ குத்தவோ வேண்டாம். பிள்ளைகள் படுக்கும் அறையில் வைக்காமல், மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.