கணைய அழற்சி: வீடு திரும்பிய பின்னும் கவனம்

கணைய அழற்சிக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர், ஒரு மாதம் கழித்து மீண்டும் வயிற்று வலி என்றால், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பிழை அங்கேதான் நேர்கிறது.

அழற்சியின்போது கணையத்தைச் சுற்றித் தேங்கும் திரவம் பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாதது, ஏறத்தாழ 4 வாரங்களில் சுவர் கட்டிப் போலி நீர்க்கட்டியாகிறது. சிறிது உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு, வாந்தி ஆகியன அதன் அறிகுறிகள். முதல் நாள் எடுத்த சி.டி. ஸ்கேன் இதைக் காட்டியிராது. புதிதாக எடுக்க வேண்டும். தொல்லை தராத கட்டியை மருத்துவர்கள் கண்காணிப்பதோடு விட்டுவிடுவர். வலி தருவதை, எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பைச் சுவர் வழியே குழாய் பொருத்தி வடிப்பர். வயிற்றைத் திறக்கும் அறுவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கட்டியின் சுவர் முதிரும்வரை அவர்கள் காத்திருப்பதைத் தாமதம் என்று நாம் சினந்துகொள்ளலாகாது. ஆனால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் கண்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. செயலிழந்த கணையத் திசுவில் கிருமி புகுந்திருக்கலாம்.

பித்தப்பைக் கல்லால் வந்த அழற்சியெனில், பித்தப்பையை அகற்றுவதைத் தள்ளிப்போடுவது அடுத்த தாக்குதலுக்கு இடம் கொடுப்பதாகும்.

நம் துறை சார்ந்த செய்தியும் ஒன்றுண்டு. ஆரோக்கிய சஞ்சீவனி காப்பீட்டில், வீடு திரும்பிய பின் 60 நாட்கள் வரை அதே நோய்க்கு ஆகும் மருத்துவச் செலவையும் கோரலாம். ஆகவே இரண்டாம் ஸ்கேனின் ரசீதையும் மருத்துவர் சீட்டையும் டிஸ்சார்ஜ் அறிக்கையுடன் சேர்த்தே வைத்திருப்போம்.