தாய், சேய்க்குத் தப்பிய ரண ஜன்னி. பெரியவர்களுக்கு இன்னும் எமன்

புது தில்லி: தாய்மார்களையும் பச்சிளங் குழந்தைகளையும் பலிகொண்டு வந்த ரண ஜன்னியை (டெட்டனஸ்) ஒழித்த நாடாக 2015-இல் இந்தியா அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் தாக்குகிறது என்பதே இதன் பொருள். ஆனால், வயலில் முள் தைத்து, சில நாள்களில் வாய் திறக்க முடியாமல் மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களை அச்சாதனை காக்கவில்லை.

நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் உள்ளன. துருப்பிடித்த ஆணிதான் காரணம் என்பது தவறான எண்ணம். மண் பட்ட சிறு காயமே போதும். பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தாடை இறுகுகிறது. கழுத்தும் முதுகும் விறைத்து உடல் வில்லாக வளைகிறது. நினைவு தவறுவதில்லை என்பதால், ஒவ்வோர் இசிவின் வலியையும் நோயாளி உணர்கிறார்.

நரம்பைப் பற்றிவிட்ட நச்சை அகற்ற மருந்தில்லை. நரம்பை இன்னும் எட்டாத நச்சை மட்டுமே எதிர்நச்சு ஊசி முறிக்கும். நரம்பு முனைகள் புதிதாக வளரும் வரை, பல வாரங்கள் உயிரைக் காத்து நிற்பதே சிகிச்சை. தொண்டையில் துளையிட்டுச் செயற்கை சுவாசம், இசிவை அடக்கும் மருந்து, குழாய்வழி உணவு, இரவு பகல் கண்காணிப்பு ஆகியவை இதற்குத் தேவை.

இதன் பலன் பெரிது. 641 நோயாளிகளை ஆராய்ந்து 1987-இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைக்குப் பின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 44 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டு, மும்பையின் புகழ்பெற்ற மருத்துவர் ஃபரூக் உத்வாடியா குழுவினரும் 150 இந்திய நோயாளிகளுக்கு அளித்த தீவிர சிகிச்சை அனுபவத்தை வெளியிட்டனர். மூச்சுத் திணறலால் நேரும் மரணம் குறைந்தபின், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் தாறுமாறாவதே மருத்துவர்களுக்குப் பெரும் சவாலாயிற்று.

எனினும், நோய் பிறப்பது கிராமத்தில். செயற்கை சுவாசக் கருவிகள் பெரும்பாலும் இருப்பது நகரத்தில். தேசியத் தடுப்பூசித் திட்டமோ 1978-இல்தான் தொடங்கியது. இன்றும் 16 வயதுத் தவணைக்குப் பின், கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்கு அதில் வழக்கமான தவணை இல்லை. முதிய ஆண்களில் பலர் பாதுகாப்பின்றி இருப்பதற்கு இதுவே காரணம்.

நோயிலிருந்து மீண்டவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை; அவருக்கும் தடுப்பூசி அவசியம். பல வாரத் தீவிர சிகிச்சை செய்யும் வேலையை, முழுத் தவணைத் தடுப்பூசியும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் ஓர் ஊசியும் முன்கூட்டியே செய்துவிடும்.