இருபதுக்கும் எழுபதுக்கும் இடையில் பாடகி எங்கே?

2022 ஜூலை 28 அன்று, 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடைபெற்றது. போட்டிகள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடக்கவிருந்தன. பிரதமரும் முதலமைச்சரும் வீற்றிருந்த அந்த விழாவில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடப்பட்டது. பாடியவர்கள் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும். பாடலை எழுதிப் பாடிய அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அறிவு தன் மனக்குறையைப் பொதுவெளியில் எழுதினார். தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தம் தரப்பை விளக்கினர். அதற்கு முந்தைய ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு விடுபட்டதை இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்திருந்ததால், இது இரண்டாம் சுற்று விவாதமாக மாறியது.

அறிவின் பெயர் விடுபடுவது சாதியோடு தொடர்புடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைப் பலரும் எழுதிவிட்டனர். ஆனால் அந்த வாரங்களில் எழுதப்பட்டவற்றை இன்று திருப்பிப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அன்று மேடையில் நின்று பாடிய மாரியம்மாள், அப்பெரும் விவாதத்தில் ஏறக்குறைய பேசப்படவேயில்லை. ‘அறிவுக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர்’ என்ற அளவிலேயே அவர் குறிப்பிடப்பட்டார். ‘கர்ணன்’ படத்தின் ‘கண்டா வரச்சொல்லுங்க’ பாடலால் தமிழ்நாடு முழுவதும் அறிந்த குரல் அது. அந்தக் குரலுக்கு இந்தச் சிக்கலில் ஒரு கருத்து இருக்கக்கூடும் என்று கருதியவர்கள் மிகச் சிலரே.

பாடலின் ஊற்றுக்கண்ணாகச் சொல்லப்படுபவரும் ஒரு மூதாட்டிதான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. கூட்டல் கழித்தல் கணக்காக நடந்த அந்தப் பங்கீட்டில், அம்மக்களின் ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. காடு திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு அங்கும் நிலமில்லை, இங்கும் நிலமில்லை. அந்த இழப்பைத்தான் பாட்டியின் சொற்களிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் எடுத்துக் கோத்ததாக அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். 2024இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயர் வைத்தார். பேரன் மறைக்கவில்லை, மறைப்பது சந்தை. காணொளியில் வள்ளியம்மாளின் முகம் கோடிக்கணக்கானோர் பார்த்த முகம். எனினும் அவர் அங்கே வேரின் அடையாளமாக, மண்ணின் குறியீடாகக் காட்சி தருகிறாரே தவிர, சொல்லும் மெட்டும் கட்டத் தெரிந்த ஒரு கலைஞராக எவராலும் எண்ணப்படவில்லை.

தமிழ்த் திரையுலகம் நாட்டார் பாடகிகளை எந்த வயதில் கண்டுபிடிக்கிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் தோன்றியபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ படத்தில் பாடியபோது அறுபதைக் கடந்திருந்தார். இருவரும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஊர்த் திருவிழாக்களிலும் வானொலியிலும் பாடியவர்கள். குரல் செழித்திருந்த முப்பதிலும் நாற்பதிலும் திரை அவர்களைத் தேடவில்லை. பாட்டியாக நடிக்கத் தகுதி வந்த பிறகே அழைப்பு வந்தது.

மறுமுனையில் இளம்பெண்ணின் நிலை வேறு. 2018 ஜனவரியில் முதல் மேடை கண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பத்தொன்பது பேருக்கு நடுவே ஒரே பெண்ணாக நின்றவர் இராயபுரத்தின் இசைவாணி. ஆண்களின் கலையாகவே இருந்துவந்த கானாவில் தனக்கென இடம் பிடித்தவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலைத் தீர்ப்பையொட்டி 2018இல் அக்குழு மேடையேற்றிய பாடல் ஒன்று, 2024 நவம்பரில் திடீரெனத் தோண்டியெடுக்கப்பட்டது. எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் என ஒரு குழுவே பொறுப்பான பாடலுக்கு, வசையும் மிரட்டலும் பாடிய பெண்ணைத் தேடியே வந்தன. அந்த வசைகளில் பாடலின் பொருள் குறித்த வாதம் குறைவு. அவரது உடலையும் சாதியையும் குறித்த ஆபாசமே மிகுதி.

ஆக, நம் இசை உலகில் தலித் பெண்ணுக்கு இரண்டு இருக்கைகள் உள்ளன. ஒன்றில் அமர்ந்தால் கல்லெறி. மற்றொன்றில் அமர்ந்தால் கும்பிடு. இரண்டுக்கும் இடைப்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு இருக்கையே இல்லை. ஊர்களில் பறையடிக்கக் கற்ற பெண்களிடம் பேசிப் பாருங்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, 1990களிலிருந்தே தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்து வருகிறது. சாவுக்குரிய இழிந்த தொழிலெனக் கருதப்பட்ட ஒன்றைப் பெண்கள் தலைநிமிர்ந்து அடித்தது பெரும் மாற்றம். ஆனால் பொதுவாக எந்தக் குழுவானாலும், திருமணம் முடிந்ததும் பறை சுவரில் மாட்டப்படுகிறது. கணவன் வீட்டார் ஒப்பவில்லை, குழந்தை சிறியது, இரவுப் பயணம் கூடாது. அதே குழுவின் ஆண் கலைஞருக்குத் திருமணம் ஒரு வார விடுப்பு மட்டுமே.

இந்த இடைவெளி நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ச் சுயாதீன இசை தன் உறவாகச் சொல்லிக்கொள்ளும் ஹிப்-ஹாப்பிலும் கறுப்பினப் பெண்கள் இதையே எதிர்கொண்டனர். 1979இல் வெளிவந்து ராப் இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்ற ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டைத் தயாரித்தவர் சில்வியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். இளைஞர்களின் கலை என்று பெயரெடுத்த ஒன்றை, ஒரு நடுவயதுப் பெண்தான் தொழிலாக மாற்றினார் என்பதை அக்கலையின் வரலாறு வசதியாக மறந்தது. மிஸ்ஸி எலியட்டின் முதல் தனித்தொகுப்பு 1997இல் வந்தது; தலைமைக் கலைஞராக அவரது முதல் இசைப்பயணம் 2024இல், 53 வயதில்தான் அமைந்தது. இதற்கிடையே, ஜே-சி 47 வயதில் வெளியிட்ட ‘4:44’ தொகுப்பை விமர்சகர்கள் முதிர்ச்சியின் அடையாளமெனப் போற்றினர். ஆணுக்கு வயது கூடினால் அனுபவம்; பெண்ணுக்கு வயது கூடினால் காலாவதி. கறுப்பினப் பெண்கள்மீதான இந்தத் தனித்த வெறுப்புக்கு, ஆய்வாளர் மோயா பெய்லி ‘மிசோஜினுவார்’ என்று பெயரிட்டார். நிறவெறியும் பெண்வெறுப்பும் ஒன்றில் ஒன்று கரைந்த நிலையை அச்சொல் குறிக்கிறது.

இன்னொரு பாடமும் அங்கிருந்து கிடைக்கிறது. 1990இல் ‘2 லைவ் க்ரூ’ என்ற ராப் குழுவினர் ஆபாசக் குற்றச்சாட்டில் ஃபுளோரிடாவில் கைதாயினர். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில், வழக்கின் பின்னுள்ள நிறவெறியையும் பாடல்களில் கறுப்பினப் பெண்கள் இழிவுபடுத்தப்படுவதையும் ஒருசேரக் கண்டித்தார். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை விழுங்கக் கூடாது என்பது அவரது நிலைப்பாடு. கானாவைக் ‘கொச்சை’ என்று முகம்சுளிப்போரின் சாதியுணர்வை நாம் எதிர்க்கிறோம். அதே மூச்சில், காதலை மறுத்த பெண்ணை மிரட்டும், வயதான பெண்ணைக் கேலி செய்யும் கானா வரிகளையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது. ‘முதலில் சாதி ஒழியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்னும் தோழர்களுக்கு, அந்தப் ‘பிறகு’ வரும்போது நம் பாடகிகள் எல்லோரும் பாட்டிகளாகியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

செங்கல்பட்டு வட்டாரத்தில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணமுண்டு. இங்குதான் 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடி, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு எதுவும் சொந்தமில்லை என்பதை இம்மண்ணின் தலித் மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாமல்லபுரம் வரும் பயணிகளுக்குப் பூஞ்சேரி ஒரு நட்சத்திர விடுதி. அதே பூஞ்சேரியில்தான், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டதை நரிக்குறவர் பெண்ணொருவர் காணொளியில் உரக்கச் சொன்ன பிறகு, 2021 நவம்பரில் முதலமைச்சர் நேரில் வந்து பட்டா வழங்கினார்.

பாட்டுக்கும் பட்டா உண்டு. அதன் பெயர் பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்ற வரையறையில் பாம்பாட்டியைக்கூடச் சேர்த்திருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடகர்களுக்கு உரிமத்தொகை கோரும் வழியும் உண்டு. ஆனால் ஆசிரியர் இன்னாரென்று காட்ட முடியாத வாய்மொழிப் பாடலுக்கு அங்கே உரிமையாளர் கிடைப்பதில்லை. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டபடி மெட்டுக் கட்டிய பெண், அரசின் கணக்கில் விவசாயக் கூலி. அதிகம் போனால் நூறுநாள் வேலை அட்டை வைத்திருப்பவர். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாமே என்று கேட்கலாம். தான் கலைஞர் என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. அவர் எந்தச் சான்றைக் கொண்டு விண்ணப்பிப்பார்?

எனவே நாம் கேட்பவை எளியவை. ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பதிவுசெய்து பயன்படுத்தும் எந்த இசைக்குழுவும், நம் தோழமைக் குழுக்கள் உட்பட, பாடியவரின் பெயரைப் பாடலாசிரியர் வரிசையில் எழுதட்டும். நன்றி நவிலும் பகுதியில் அன்று. வருவாயில் பங்கை எழுத்தில் தரட்டும். மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் நடத்தும் நாட்டிய விழாவில் நாட்டார் கலைகளுக்கு இடமளிக்கும்போது, ‘குழுவினர்’ என்று முடித்துவிடாமல் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடட்டும். ஒத்திகைக் கூடத்தில் தொட்டில் கட்ட ஓர் இடமும், நிகழ்ச்சி முடிந்து இரவில் வீடு சேர ஒரு வண்டியும் இருந்தால், முப்பத்தைந்து வயதில் பறையைச் சுவரில் மாட்டியவர்களில் சிலரேனும் அதை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள்.