ஏ.ஐ. உதவியாளருக்கு நாமே ஒரு கருவி செய்யலாம்

பட்டாவில் பரப்பு என்ற பத்தியில் 'ஹெக் - ஏர்' என்று போட்டிருக்கும். அதன் கீழே '0 - 8.50' என்று இருந்தால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் எட்டரை என்று அர்த்தம். ஒரு ஏர் என்பது 2.471 சென்ட். ஆக, அந்த நிலம் 21 சென்ட். பத்திரம் எழுதுகிறவர்களும் சர்வேயர்களும் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

இதே '0 - 8.50'-ஐ ஓர் ஏ.ஐ. உதவியாளரிடம் கொடுத்து எத்தனை சென்ட் என்று கேட்டேன். முதல்முறை 21 என்றது. புதிதாக உரையாடலைத் தொடங்கி மறுபடி கேட்டபோது, அதை 0.850 ஹெக்டேர் என்று படித்துக்கொண்டு 210 சென்ட் என்றது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லை ஒரே கேள்வியில் இரண்டு ஏக்கர் பத்து சென்ட் ஆகிவிட்டது. பெருக்கலில் தவறில்லை, படித்த விதத்தில்தான் தவறு. இந்தக் கணக்கை அதன் ஊகத்துக்கு விடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கணக்குப் போடும் சின்னக் கருவி ஒன்றை அதன் கையில் கொடுக்க முடியுமா? முடியும். அப்படிப்பட்ட கருவிகளை வைத்திருந்து, கேட்டால் எடுத்துத் தருகிற நிரலுக்குத்தான் டூல் சர்வர் என்று பெயர்.

சர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையும் அடுக்கடுக்கான இயந்திரங்களும் நினைவுக்கு வரும். இதற்கு அதெல்லாம் வேண்டாம். நம் மடிக்கணினியிலேயே ஓடும் முப்பது, நாற்பது வரி நிரல் போதும். பைத்தான் ஓரளவு எழுதத் தெரிந்தவர் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடலாம்.

ஏ.ஐ. செயலியும் கருவியும் எந்த முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு பொது விதி இருக்கிறது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பர் 25 அன்று இதை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. நிரல் எழுதும் எடிட்டர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2016-ல் கொண்டுவந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்தான் இதற்கு முன்மாதிரி. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனமும், ஏப்ரலில் கூகுளும் இதை ஏற்பதாக அறிவித்தன. அதே ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள ஓர் அமைப்பிடம் இது ஒப்படைக்கப்பட்டது. நமக்கு இதில் முக்கியமானது, ஒருமுறை எழுதிய கருவியைப் பல செயலிகளில் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான்.

பலரும் நினைப்பதுபோல, உதவியாளருக்குள் இருந்து பதில் சொல்லும் மொழி மாதிரி தானே போய்க் கருவியை இயக்குவதில்லை. செயலி திறந்ததும் நம் சர்வரையும் துவக்கி, 'உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?' என்று கேட்கிறது. சர்வர் பட்டியல் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் வேண்டும் என்ற குறிப்பு. மொழி மாதிரியின் கண்ணில் படுவது இவ்வளவுதான். நாம் கேள்வி கேட்டதும் அது பட்டியலைப் பார்த்து, 'இந்தக் கருவியை இந்த எண்களோடு கூப்பிடு' என்று எழுதிக் காட்டும். பெரும்பாலான செயலிகள் அந்த இடத்தில் நம்மிடம் அனுமதி கேட்கும். சரி என்றால் சர்வர் கணக்குப் போட்டு விடையைத் தரும். அந்த விடையை வைத்துக்கொண்டு மாதிரி பதில் சொல்கிறது.

நான் எழுதிய முதல் கருவி பட்டா அளவை ஒரே சொல்லாக வாங்கியது. '0 - 8.50' என்பதை மாதிரி அப்படியே அனுப்பும் என்று நம்பினேன். சில நேரம் 0.850 என்று அனுப்பியது. பழைய தவறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதனால் ஹெக்டேருக்கு ஒன்று, ஏருக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி எண்களாகக் கேட்கும்படி மாற்றினேன். அதன்பின் நான் சோதித்த வரை அந்தத் தவறு வரவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தால் மனிதர்களும் சரியாகத்தானே நிரப்புகிறார்கள்.

இன்னொரு தடுப்பும் வைத்தேன். ஏர் 100 அல்லது அதற்கு மேல் வந்தால் கருவி கணக்குப் போடாது. நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அது பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருக்க வேண்டியது. அப்போது 'ஏர் 100-க்குள் இருக்க வேண்டும், ஹெக்டேரையும் ஏரையும் சேர்த்துப் படித்துவிட்டீர்களா என்று பாருங்கள்' என்று சொல்லிவிடும். பிழைச் செய்தியை வெறும் எண்ணாக வைக்காமல் இப்படிப் பேச்சு மொழியில் எழுதினால், மாதிரி அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி கூப்பிடுகிறது.

அரை நாளைத் தின்ற தவறு வேறொன்று. கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நிரலுக்குள் பிரிண்ட் கட்டளை ஒன்றைப் போட்டிருந்தேன். பைத்தான் படித்த எவருக்கும் கை அங்கேதான் போகும். உடனே செயலி 'சர்வரோடு இணைப்பு இல்லை' என்றது. காரணம் இதுதான்: நம் கணினிக்குள்ளேயே ஓடும் சர்வர், ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற குழாய் வழியாகத்தான் செயலிக்குப் பதில் அனுப்புகிறது. அந்தக் குழாயில் ஜேசன் வடிவச் செய்திகள் மட்டுமே வர வேண்டும். பிரிண்ட் கட்டளை எழுதுவதும் அதே குழாயில்தான். 'இங்கே வந்துவிட்டேன்' என்ற என் குறிப்பு, செய்திகளுக்கு நடுவில் கலந்துவிட்டது. இப்படிப்பட்ட குறிப்புகளை ஸ்டாண்டர்ட் எரர் என்ற இன்னொரு குழாய்க்கு அனுப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.பி. இன்ஸ்பெக்டர் என்ற இலவசச் சோதனைக் கருவியும் இருக்கிறது. மொழி மாதிரியே இல்லாமல் சர்வரை மட்டும் அதில் இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு செயலியில் இணைத்தால் பாதித் தலைவலி குறையும்.

பயிற்சிக்கு ஏன் இவ்வளவு சாதாரணக் கணக்கு என்று கேட்கலாம். இந்தக் கருவி எதையும் அழிக்காது, யாருக்கும் எதையும் அனுப்பாது. தவறு நேர்ந்தாலும் ஓர் எண் தவறாக வரும், அவ்வளவுதான். கோப்பை நீக்கும் கருவியோ மின்னஞ்சல் அனுப்பும் கருவியோ அப்படியல்ல. சர்வர் நம் கணினியில் நம்முடைய அனுமதியோடு ஓடுகிறது. நாம் தொடக்கூடியதையெல்லாம் அதுவும் தொடும். முன்பின் தெரியாதவர் எழுதிய சர்வரை இறக்கிப் பொருத்துவதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. கருவியின் விளக்கத்துக்குள்ளேயே மறைமுகமாகக் கட்டளைகளை ஒளித்துவைத்து மாதிரியை ஏமாற்ற முடியும் என்று 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். யாருடைய சர்வராக இருந்தாலும் விளக்கத்தை ஒரு வரி விடாமல் படித்த பிறகே பொருத்துங்கள்.

விளக்கம்தான் கருவியின் உயிர் என்பதை நானே நேரில் பார்த்தேன். முதலில் 'நில அளவை மாற்றும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். 'பட்டாவில் 0 - 8.50, எத்தனை சென்ட்?' என்று கேட்டால் மாதிரி கருவியை எடுத்தது. 'இது கால் ஏக்கர் தேறுமா?' என்று கேட்டால் கருவியைத் தொடாமல் தானே ஏதோ சொன்னது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. விளக்கத்தை மட்டும் விரித்து எழுதினேன்: 'தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர் - ஏர் என்று உள்ள பரப்பை சென்ட், ஏக்கர், கிரவுண்டு, சதுர அடியில் சொல்லும். பட்டா நிலத்தின் அளவைப் பற்றி எப்படிக் கேட்டாலும் இதையே பயன்படுத்தவும்.' அன்றிலிருந்து கால் ஏக்கர் கேள்விக்கும் கருவியை எடுக்கிறது. விளக்கம் தமிழிலேயே இருக்கலாம். கருவியின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. பல செயலிகள் வேறு எழுத்தில் உள்ள பெயரை ஏற்பதில்லை.

அந்த விளக்கத்தை எழுத பைத்தான் தேவைப்படவில்லை, பட்டா பார்த்த பழக்கம்தான் தேவைப்பட்டது. குழிக் கணக்கையும் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தபோது இது இன்னும் தெளிவானது. தஞ்சைப் பக்கம் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆனால் குழி எல்லா ஊரிலும் ஒரே அளவில்லை, பகுதிக்குப் பகுதி மாறும். அந்தந்த ஊரில் வயலை அளந்தவர்களைக் கேட்காமல் ஓர் எண்ணை நிரலில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இப்போதைக்கு விளக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'குழி, மா, வேலிக்கு இந்தக் கருவி கணக்குச் சொல்லாது. எந்த ஊர் வழக்கு என்று பயனரிடம் கேட்கவும்.'