பேற்றறைத் துணையும் புலம்பெயர் தமிழ்ப் பெண்களும்: பாரிஸ் லா சப்பலை முன்வைத்து

முன்னுரை

முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழ்நாட்டு வழக்கம். யாழ்ப்பாணத்தில் மணமான பெண் பெரும்பாலும் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்ந்தமையால், அந்தப் பயணமும் தேவைப்படவில்லை. வலி கண்டது முதல் தாயும் பாட்டியும் மருத்துவச்சியும் அவளைச் சூழ்ந்திருந்தனர். கணவன் வெளியே காத்திருந்தான். பேறு மருத்துவமனைக்கு மாறியபோது அப்பெண்டிர் வட்டம் கதவுக்கு வெளியே நின்றது. புலம்பெயர்ந்தபோது கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த தமிழரின் கடைவீதிகளாக உருவானவை பாரிஸ் லா சப்பலின் ரூ காயும் அதனை அடுத்த தெருக்களும். அச்சமூகத்தின் கருவுற்ற பெண்ணுக்குப் பேற்றறைத் துணை பற்றிய கேள்வி எவ்வாறு எழுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

துணையின் பயன்

17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, பேற்றின்போது இடையறாத துணை பெற்றவர்களுக்கு இயல்பான பேறு மிகுவதையும், வலிநேரமும் அறுவைப்பேறும் குறைவதையும் காட்டியது. பெண் தானே தெரிவு செய்யும் துணையை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. பெண்களின் கருத்துகளைத் திரட்டிய 2019ஆம் ஆண்டின் மற்றொரு கொக்ரேன் தொகுப்பு, துணையின் பணிகளை நான்காக வகுத்தது: நிகழ்வதை விளக்குதல், பெண்ணுக்காகப் பேசுதல், கைபிடித்தல் போன்ற உடலுதவி, மனத்தேற்றம். இந்நான்கையும் ஒருவரே ஆற்ற இயலுமா என்பதே லா சப்பலில் எழும் சிக்கல்.

இரு நெறிகள்

இந்திய நடுவணரசு 2016இல் அரசு மருத்துவமனைகளில் பேற்றுத்துணையை அனுமதித்தபோது, பெண் உறவினரையே முதன்மைத் துணையாகக் கொண்டது. தனிமறைவு காக்கப்படும் இடங்களில் மட்டும் கணவன் வரலாம் என்றது. பாரிசின் வரலாறு வேறு. சோவியத் நாட்டில் கண்ட வலிதணிப்புப் பயிற்சியை மருத்துவர் ஃபெர்னான் லாமாஸ் 1952இல் ரூ தே புளுவே மருத்துவமனையில் தொடங்கினார். அம்முறையில் கணவனும் பயிற்சியில் பங்குகொண்டான். பின்னர் பேற்றறையில் தந்தை நிற்பது பிரான்சின் பொதுவழக்கமாயிற்று. முதல் நெறி தாயை எதிர்பார்க்கிறது. இரண்டாவது கணவனை எதிர்பார்க்கிறது. புலம்பெயர்ந்த தமிழ்ப்பெண் இரண்டுக்கும் இடையில் நிற்கிறாள்.

கணவனும் உரைபெயர்ப்பும்

தாய் ஊரில் இருக்க, விசா கிடைப்பதும் அரிதாக, கணவனே எஞ்சும் ஒரே துணையாகிறான். வேதனையைக் கணவன் உடனிருந்து உணர்வதைச் சில பெண்கள் விரும்புவர். அந்நிலையில் அவன் தன்னைக் காண்பதற்குக் கூசி, பிள்ளை பெற்று அறிந்த மூத்த பெண்ணையே நாடுவோரும் உளர். மேற்சொன்ன 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு இவ்விரு மனநிலைகளையும் பல நாட்டுப் பெண்களிடம் பதிவு செய்துள்ளது. ஆயினும் விருப்பமும் விருப்பின்மையும் மொழிச்சிக்கலுக்குள் மறைந்துவிடுகின்றன. "நாரி உளையுது" என்று அவள் சொல்வதை, உணவகச் சமையலறையில் கற்ற பிரெஞ்சில் மருத்துவமாதுக்கு எடுத்துரைப்பவன் அவனே. மருத்துவமாதின் பக்கம் திரும்பும்போது மனைவியின் கை நழுவுகிறது. அவசர அறுவைக்கான இசைவும் அவன் வாய்வழியே கேட்கப்படுகிறது. அவள் அஞ்சுவது என்ன என்பது அவன் புரிந்த அளவுக்கே மருத்துவரைச் சென்றடைகிறது. முன்னர் கலைந்த கருவோ, வீட்டில் நேர்ந்த அடியோ அவன்முன் சொல்லப்படாமலே போகலாம். மருத்துவத்தில் உறவினரைத் தவிர்த்துத் தொழில்முறை உரைபெயர்ப்பாளரை அமர்த்துமாறு பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 2017இல் வலியுறுத்தியதன் காரணம் இங்கே தெளிவாகிறது.

கிடைக்கும் வழிகள்

2020 மே மாதம் முதல் பிரான்சில் பேறுகாலத் தொடக்க நேர்காணல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனைத் தொடரும் ஏழு பயிற்சி அமர்வுகளின் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. துணை பற்றிய விருப்பத்தை, உரைபெயர்ப்பாளர் வழியாக, கணவன் இல்லாத பொழுதில் பெண் சொல்லத் தக்க இடம் இந்நேர்காணலே. 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டம் நோயாளிக்கு நம்பிக்கைக்குரியவர் ஒருவரை எழுத்தில் அமர்த்தும் உரிமை தந்தது. அவர் கணவனாகவே இருக்கவேண்டியதில்லை. உறவினராகவோ நெருங்கியவராகவோ இருக்கலாம். அயல்வீட்டு அக்காவையும் அமர்த்தலாம். புலம்பெயர்ந்த பெண்களுக்குத் தம் மொழியும் வழக்கமும் அறிந்த சமூகத் துணைவியர் உதவுவர் என்பதையும் அதே 2019 தொகுப்பு சுட்டுகிறது. பத்தியக்கறியும் சரக்கும் ஆக்கித்தரும் மூத்த பெண்கள் இச்சமூகத்தில் உள்ளனர். பேற்றுக்குப் பின்னர் வரும் அவர்களின் அறிவு, பேற்றறைக்குள்ளும் பயன்படத் தக்கது.

முடிவுரை

கணவன் பேற்றறையில் இருப்பது நன்று; உரைபெயர்ப்பாளனாக மட்டும் இருப்பது அவனுக்கும் அவளுக்கும் இழப்பு. உரைபெயர்ப்பைத் தொழிலறிந்தவரிடம் ஒப்படைத்தால், அவன் துணையாக நிற்க இயலும். அவனை வேண்டாதவள் அதனைச் சொல்லவும் இயலும். "உன்னோடு யார் இருக்கவேண்டும்?" என்ற கேள்வி அவளிடம், அவள் மொழியில், வலி தொடங்குவதற்கு முன்பே கேட்கப்படுதல் வேண்டும்.